மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு

தலைமை ஏற்றுத் தன் சால்வையை எனக்கே போர்த்திவிட்ட அமிர்தலிங்கம் ஐயா அவர்களே! வயதாலும் வாக்காலும் என்னை வழிநடத்தும் பெரியோர்களே! களைவெட்டிய கையோடு, காய்ந்த தொண்டையோடு வந்திருக்கும் தாய்மார்களே! செட்டிகுளத்து வெங்காய வியாபாரி பிச்சைமுத்துவின் வணக்கம்!

"வியாபாரிக்கு எதற்கு ஊராட்சித் தலைவர் பதவி?" என்கிறார்கள். கேட்கட்டும்! மூட்டை தூக்கினேன், மூட்டை தைத்தேன், மண்டி வைத்தேன். குண்டும் குழியுமான இந்த ரோட்டில் என் லாரியும்தானே குலுங்கியது? தண்ணீர் வராத குழாயை நானும்தானே திருகினேன்? நிற்பேன்! வெல்வேன்!

என்னண்ணே, அதுக்குள்ள விசிலா? இருங்க, இன்னும் முடிக்கல.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மானக்கேடு நடந்தது. அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். குஞ்சம்மாள் அக்கா வீட்டுக்கு வாக்குக் கேட்கப் போனேன். வாசலில் வெங்காயம் காய்கிறது. கும்பிட்ட கை சும்மா இருந்ததா? ஒன்றை எடுத்தது, நசுக்கியது. இருபது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது: "ஈரம் இருக்குக்கா. மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவு."

அக்கா இடுப்பில் கைவைத்தார். "ஏந் தம்பி, ஓட்டுக் கேக்க வந்தியா, வெங்காயம் எடுக்க வந்தியா? எங்க வூட்டுல அஞ்சு ஓட்டு. ரெண்டக் கழிச்சுட்டு மூண வாங்கிக்க, போ!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! என்னோடு வந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குத்தான் முகம் செத்துப்போனது. சருகாய்க் காய்ந்த மூட்டைக்கும் ஈரம் என்று எடையில் இரண்டு கிலோ கழித்தேனே! கேட்டவர்களிடம் "மண்டி வழக்கம்" என்றேனே! யார் வைத்த வழக்கம்? நாங்கள் வைத்த வழக்கம்! யார் வயிற்றில் அடித்த வழக்கம்? உங்கள் வயிற்றில் அடித்த வழக்கம்! தப்புதான் தாய்மார்களே, வெட்கமாக இருக்கிறது.

என்ன தாயீ? "ஜெயிச்சப்புறம் நிறுத்துவியா?"ன்னு கேக்குறீங்களா? இல்லை! நாளைக் காலை முதலே என் மண்டியில் கழிவு கிடையாது. மற்ற மண்டிக்காரர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்! தேர்தலில் தோற்றாலும் கழிவு கிடையாது. எனக்கு ஓட்டுப் போடாதவர்களும் வாருங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். மெஷின் காட்டுவதுதான் எடை!

பொறுமையோடு கேட்ட ஊருக்கு என் நன்றி. நாளைக்கு முதல் மூட்டை யாருது? கையத் தூக்குங்க பாப்போம்! டீக்கடை ஓரத்துல யாரு அது? அட, என்னை எதிர்த்து நிக்கிற அமாவாசை அண்ணனோட சம்சாரமா! வாங்க அண்ணி, கொண்டாங்க! வணக்கம்!