லாப்டொப்பை வாங்கிப் போனவர்

மென்பொருளில் ஒருவர் செய்யும் மாற்றத்தை இன்னொருவர் வாசித்து ஒப்புதல் தர வேண்டும். தன் வேலைக்குத் தானே ஒப்பமிடக் கூடாது. நான் முன்பு வேலை செய்த கந்தோரிலும் இதுவே விதி. ஒரு திங்கட்கிழமை பருத்தித்துறை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கைப் பெண், பக்கத்தில் இருந்த, தன்னோடு வேலை செய்பவனிடம் சொன்னாள்:

“என்ரை பேரிலை போன மாற்றம் நோயாளர் பதிவை முழுக்க அழிச்சுப் போட்டுது. என்னை வேலையாலை நிப்பாட்டப் போகினமாம். அது அனுப்பின சனிக்கிழமை நான் வேலைக்கே வரேல்லை. என்ரை லாப்டொப்பை வாங்கினது நீர்.”

“என்ரை பழுதாப் போச்சுது. அவசரத்துக்கு உம்மடையை வாங்கி அதிலை அனுப்பினனான்.”

“ஒப்புதல் தந்தது ஆர்?”

“நான்தான், என்ரை போனாலை. உம்மடை பேரிலை வந்தா வாசிக்காமல் ஓம் போடுறது வழக்கம்தானே.”

“அனுப்பினதும் நீர், ஓம் போட்டதும் நீர். நல்ல கெட்டிக்காரன்!”

“சத்தமாக் கதையாதையும், சனம் பாக்குது.”

அவள் அங்கேயே மேலாளருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். நெல்லியடியில் அவன் இறங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் அதே பஸ்ஸில் அவள் தனியாக இருந்து தொலைபேசியில் சொன்னாள்: “ஓம் அம்மா, என்னை வைச்சிருக்கினம், அவரைத்தான் நிப்பாட்டினது. இனி என்ரை வேலையை ஆர் வாசிக்கிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. மேலாளரிட்டையிருந்து பதில் இண்டைக்குத்தான் வந்தது.”

அன்று வெள்ளிக்கிழமை; அவள் எழுதி அனுப்பிப் பதினொரு நாள்.