ஐந்து நொடியில் சொல்ல வேண்டிய மந்திரம்

இந்த அவையைத் தன் கனிவால் கட்டிக் காத்துவரும் தலைவர் அம்மையார் அவர்களே! விரல் நுனியில் உலகங்களை ஆக்கவும் அழிக்கவும் வல்ல விளையாட்டு வடிவமைப்பாளர்களே! "இந்தப் பொம்மை வேலை சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட கையோடு எங்களுக்குச் சோறும் போட்ட பெரியவர்களே! திட்டிக்கொண்டே தட்டைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்த தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கணினியில் ஆடும் ஒரு சித்திர விளையாட்டிலிருந்து எங்கள் விளையாட்டுக்கு எதை எடுத்தோம் என்று பேசச் சொன்னார்கள். எடுத்ததைப் பிறகு சொல்கிறேன். திருடியதை முதலில் சொல்லிவிடுகிறேன்! சிரிக்காதீர்கள். இங்கே இருப்பவர்களில் திருடாதவர் யார், கை தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள், முன்வரிசையில் ஒரு கைகூட எழவில்லை!

அது அசையும் ஓவியங்களால் ஆன ஒரு மாயலோகம். வாள்வீரனாகவோ மந்திரக்காரியாகவோ நாமே அதற்குள் நுழைந்து, காடு கடந்து, கடல் கடந்து, பகைவரோடு மோதி, தோழரோடு கூடி வளர வேண்டும். பெயரைச் சொல்லச் சொல்கிறார் பின்வரிசைத் தம்பி. சொல்ல மாட்டேன் தம்பி. சொன்னால் நீங்கள் என் பேச்சை விட்டுவிட்டு அதைத் தேடப் போய்விடுவீர்கள்! அதை நான் நான்கு முறை முழுமையாக விளையாடினேன். கவசத்தின் பளபளப்பைக் குறித்தேன். வாளின் ஒலியைக் குறித்தேன். சிறகின் சிவப்பைக் குறித்தேன். குறித்ததையெல்லாம் கொண்டுவந்து எங்கள் விளையாட்டில் கொட்டினேன்.

எங்கள் நிறுவனம் என்றதும் கண்ணாடி மாளிகையை நினைத்துவிடாதீர்கள். அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை ஆடும். மேசை ஆடினால் எங்கள் ஓவியர் வரைகிற வீரனுக்கு மூக்கு கோணும். மூன்றே பேர். வடிவமைக்க நான், வரைய அவர், நிரல் எழுத இன்னொருவர். அந்த இன்னொருவருக்கு நான் வைத்த பெயர் 'சாமியார்'. ஏன்? பேசவே மாட்டார். கேட்டால் 'ம்' என்பார். துருவினால், அடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே கைபேசியில் பதில் அனுப்புவார். இரண்டு ஆண்டுகள் இப்படி! கூச்சக்காரர் என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்ததா?

அந்தச் சித்திர விளையாட்டில் மந்திரம் போட ஒரு பொத்தான் உண்டு. நான் ஒரு படி மேலே போனேன். எங்கள் விளையாட்டில் மந்திரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்! நெருப்புப் பறவை பாய்ந்து வரும். ஐந்தே நொடி. அதற்குள், "பற்றி எரியும் பறவையே, பணிந்து பறந்து போ!" என்று முழங்க வேண்டும். கேட்டீர்களா மோனையை? நானே எழுதியது. கைதட்டாதீர்கள், தட்டாதீர்கள், இந்தக் கதையில் குற்றவாளியே அந்த மோனைதான்.

குரலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிரலை எழுதியவர் சாமியார். எட்டு மாத உழைப்பு. என் குரலைப் பதிவு செய்து சோதித்தார். ஓவியரின் குரலைச் சோதித்தார். அச்சகத்துக்காரரைக்கூட மாடிக்கு அழைத்துவந்து சோதித்தார். தன் குரலில் ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. எனக்கு அது உறைத்ததா? இல்லை, அன்பர்களே, உறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம். எங்கள் விளையாட்டை வெளியிட முன்வந்தவர், பத்துப் பன்னிரண்டு பேரோடு பார்க்க வந்திருந்தார். "நிரல் எழுதினவரே விளையாடிக் காட்டட்டுமே," என்றார்.

நான் என்ன சொன்னேன்? "வாங்க சாமியார், ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க!" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். பறவை பாய்ந்தது. 'ப' என்ற முதல் எழுத்தில் அவர் உதடுகள் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் இறுகின. சொல் வரவில்லை. வீரன் எரிந்தான். திரையில் நான் எழுதிய வாசகம் மின்னியது: 'தாமதித்தாய், மடிந்தாய்.'

"டென்ஷன் ஆகாதீங்க, இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க," என்றார் வந்தவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இரண்டாம் முறையும் எரிந்தான். மூன்றாம் முறை யாரோ சிரித்தார்கள். சாமியார் ஒலிவாங்கியை ஓசை எழாமல் மேசையில் வைத்தார். பையை எடுத்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவர் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த அஞ்சு நொடி?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "உள்ள வாங்க," என்றார்.

உள்ளே சாமியார், நான் நான்கு முறை முடித்த அதே சித்திர விளையாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆற்றங்கரையில், முதுகில் ஆமை ஓடும் தலையில் ஆட்டுக்கொம்பும் கொண்ட காவல் மிருகம் ஒன்று, 'எதற்காக ஆற்றைக் கடக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு நின்றது. கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மிருகம் உட்கார்ந்தது. கொட்டாவி விட்டது. வாலைச் சுருட்டிக்கொண்டது. முகம் சுளிக்கவில்லை, அவரைப் பார்த்தபடியே இருந்தது.

"அது எவ்வளவு நேரம் ஆனாலும் அப்படியே இருக்கும். அதனாலதான் இவருக்கு அந்த இடம் பிடிக்கும்," என்றார் அந்த அம்மா. "கல்யாணத்தைப் பத்தி என்கிட்ட பேச வந்தப்போ இவருக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. எனக்கென்ன, ரயிலா போயிடும்?"

ஐயா, அம்மா, நான் அந்த மிருகத்தை நான்கு முறை கடந்திருக்கிறேன்! கொம்பைக் கண்டேன், ஓட்டைக் கண்டேன், அதன் பொறுமையைக் கண்டேனா? கேள்வி எழுந்ததும் பதிலைத் தட்டிவிட்டு ஓடியவள் அல்லவா நான்! அதை உருவாக்கிய யாரோ ஒருவர், அவசரப்பட முடியாத ஒரு மனிதரை நினைத்து, அந்த வாலைச் சுருட்ட வைத்திருக்கிறார். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு விட்டேனா? என் புத்தி அங்கேயும் வடிவமைக்கத் தொடங்கிவிட்டது. "ஒண்ணு பண்ணலாங்க. திக்கிச் சொன்னா மந்திரத்துக்கு இரட்டிப்பு சக்தி. எப்படி?" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். அன்றுதான் அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது, நான் பார்க்கவில்லை. "எனக்குப் ப... பரிசெல்லாம் வேணாங்க," என்றார். "நேரம் குடுத்தாப் போதும்."

மறுநாள் வேலைக்கு வந்தார். ஐந்து நொடியை அவரே அழித்தார். சொல் உடைந்தாலும், திரும்பத் திரும்ப வந்தாலும், பாதியில் நின்று பிறகு தொடர்ந்தாலும் அதைச் சொல்லாகவே ஏற்கும்படி நிரலை மாற்றினார். எங்கள் ஓவியர் பறவையைத் தரையில் இறக்கி, தலையைச் சாய்த்துக் கேட்க வைத்தார். அலகால் இறகு கோதும், ஒற்றைக் காலில் நிற்கும், மறுபடி செவி சாய்க்கும். வெளியிட வந்தவர், "வேகம் போச்சுங்க, இது விக்காது," என்று விலகிக்கொண்டார். நாங்களே வெளியிட்டோம். பெரிய வெற்றியா? இல்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெண் எழுதினார்: "பக்கவாதம் வந்ததுல இருந்து அப்பா எங்க யார்கிட்டயும் பேச மாட்டேங்கறார். உங்க பறவைகிட்ட மட்டும் தினம் பேசறார்." அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

என் அருமை இளைய படைப்பாளிகளே! உங்களை மயக்கிய படைப்பிலிருந்து எதை எடுக்கப் போகிறீர்கள்? மின்னும் வாளையா? மிரட்டும் சிறகையா? எடுங்கள், தடையில்லை. ஆனால் அது தன் முன்னால் வந்து நிற்கும் மனிதரை எப்படி நடத்துகிறது என்று ஒரு முறை, ஒரே ஒரு முறை, நின்று பாருங்கள்!

இன்று சிறந்த வடிவமைப்புக்கான விருதை இந்த அவை எங்களுக்கு அளிக்கிறது. ஏற்புரை ஆற்றப் போவது நானல்ல. என் சக வடிவமைப்பாளர் பேசுகிறார். அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட வாய்ப்பு இது. 'சாமியார்' என்ற பெயரை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அவர் தன் பெயரைத் தானே சொல்வார். உங்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். சொல் நின்றால், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பரிவு பொங்கிப் பாதியில் கைதட்டி முடித்துவைக்காதீர்கள். அவர் முடிக்கும்வரை கேளுங்கள்.

இவ்வளவு நேரம் மூச்சுவிடாமல் பேசிய என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அம்மையாருக்கும், தாய்மார்களுக்கும், பின்வரிசைத் தம்பிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

வாங்க சார். மைக் உங்களுக்குத்தான்.