நர்ஸ் சியெனியின் கைராசி

குழந்தைக்கு ஊசி போடும்போது குழந்தையின் முகத்தைப் பார்க்கக் கூடாது ஐயா. அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். சேம்பு எப்படி விளைந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு யார் புதுத் தொப்பி போட்டு வந்தாள், இப்படி ஏதாவது. அவள் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். முப்பத்தொரு வருடம் அப்படித்தான் போட்டேன். சியெனி போட்டால் வலிக்காது, அவள் கைராசிக்காரி என்று எங்கள் கடற்கரையில் பெயர். நானாகத் தேடிக்கொண்ட பெயர் இல்லை. அவர்களாகக் கொடுத்தது.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்பது புரிகிறது. முதலிலிருந்து சொல்கிறேன். அவசரம் இல்லையே?

இந்தத் தட்டம்மை பரவியதற்கு முந்தின வருடம், எங்கள் நாட்டின் பெரிய தீவில் ஒரே நாளில் இரண்டு குழந்தைகள் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட கொஞ்ச நேரத்தில் இறந்துபோனதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மருந்தில் குற்றம் இல்லை, கலந்ததில்தான் தவறு என்று பிறகு தெரிந்தது. அந்தத் தடுப்பூசி தூளாக வரும். கூடவே தனிக் குப்பியில் அதைக் கரைக்கிற தண்ணீர் வரும். தூளில் அந்தத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அங்கே வேறு எதையோ ஊற்றிவிட்டார்கள். அந்த நர்ஸ்களை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று முழுக்க அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் போட்டிருப்பார்கள்.

நாடு முழுக்க ஊசியை நிறுத்திவிட்டார்கள். பத்து மாதம் என் மருந்துப் பெட்டி காலியாக இருந்தது. அந்தப் பத்து மாதத்தில்தான் என் கை மாறிப்போனது. மற்ற வேலைக்கெல்லாம் பழைய கைதான். தையல் போடுவேன், பிரசவம் பார்ப்பேன். அந்தத் தூள் குப்பியை நினைத்தால் மட்டும் வலது கையில் இரண்டு விரல்கள் நடுங்கும். யாரிடமும் சொல்லவில்லை. கைராசிக்காரிக்குக் கை நடுங்குகிறது என்று எப்படிச் சொல்வது?

மறுபடியும் போடலாம் என்று உத்தரவு வந்தபோது ஊரில் யாரும் அசையவில்லை. நான் மகளிர் கூட்டத்தைக் கூட்டினேன். ஊர்ப் பொதுக் கூரைக்குக் கீழே நாற்பது பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெனினாதான் முதலில் வாய் திறந்தாள். அவளுக்குப் பதினான்கு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, மெலே. பெனினாவையே என் கையில்தான் பிறக்க வைத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது.

"ஊசி போட்டா பொசுக்குனு போயிடுது. போடலேன்னா காய்ச்சல் வருமாம். காய்ச்சலுக்காவது நம்மகிட்ட பச்சிலை இருக்கு. சாவுக்கு என்னக்கா இருக்கு?" என்றாள்.

பின்னாலிருந்து ஒருத்தி, "வெளிநாட்டு டாக்டர் ஒருத்தரே ஃபோன்ல சொல்றாரு, இதெல்லாம் விஷம்னு. அவரு படிக்காதவரா?" என்றாள்.

"அவரு படிச்சவருதான். உம் புள்ளைக்குப் பேதியானா அவரு வந்து துடைப்பாரா, சியெனிக்கா வந்து துடைப்பாளா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினேன். அப்போது நடுங்கவில்லை. "ஃபோன்ல பேசுறவரையும் நம்ப வேணாம், டவுன்ல இருந்து வர்ற காகிதத்தையும் நம்ப வேணாம். இந்தக் கையை நம்புங்க. உங்க புள்ளைங்களை வெளிச்சத்துக்குக் கொண்டாந்த கை இது" என்றேன்.

பிறகு பெனினா, "சரிக்கா. நீ போடுறதா இருந்தா வரேன். வேற யாராவது போட்டா வர மாட்டேன்" என்றாள்.

அந்தச் சொல் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று உங்களுக்கு எப்படி விளங்க வைப்பேன். அமைச்சகமும் டாக்டர்களும் வானொலியில் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியம். நான் கையை நீட்டினேன், நடந்தது.

செவ்வாய்க்கிழமை பத்தொன்பது அம்மாக்கள் என் சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். பக்கத்து ஊர்களில் இரண்டு பேர், மூன்று பேர் என்றுதான் வந்தார்களாம். முதல் ஆள் பெனினா. மருந்து கலக்க உள்ளறைக்குப் போனேன். தூள் குப்பியை எடுத்ததும் விரல்கள் ஆட ஆரம்பித்தன. குப்பியின் மேலிருந்த எழுத்தை மூன்று தடவை படித்தேன். தண்ணீர்க் குப்பியின் எழுத்தையும் படித்தேன். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் இது சரி என்று சொல்வது என் கண்தானே, அந்தக் கண்ணை எப்படி நம்புவது என்று தோன்றியது. வெளியே மெலே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரை மட்டும் ஊசியில் ஏற்றினேன். சுத்தமான தண்ணீர். அதனால் ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. இன்று ஒரு நாள் மட்டும், கை சரியானதும் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுச் சரியாகப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பெனினாவிடம் அவள் வீட்டுப் பன்றி குட்டி போட்டதைப் பற்றிக் கேட்டேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆகிவிட்டது. பத்தொன்பது பேருக்கும் அப்படியே. ஒவ்வொரு குழந்தையின் தடுப்பூசிக் கையேட்டிலும் தேதி எழுதினேன், மருந்தின் எண்ணை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் பத்தொன்பது. கணக்குப்படி தூள் குப்பியும் பத்தொன்பது செலவாகியிருக்க வேண்டுமே. அவற்றைக் குப்பை எரிக்கிற குழியில் போட்டேன்.

தடுப்பூசி போட்டால் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். இவர்களில் ஒருவருக்கும் உடம்பு சுடக்கூட இல்லை. மறுநாள் கடையில் பெனினா எல்லோரையும் நிறுத்திச் சொன்னாள், "பாத்தீங்களா, எம் புள்ளைக்கு ஒரு சுணக்கம் இல்ல. கை அப்படி." அதைக் கேட்ட பிறகு அவர்களைத் திரும்பக் கூப்பிட எனக்கு வழி தெரியவில்லை. போட்ட ஊசியை மறுபடி ஏன் போடுகிறாய் என்று கேட்பார்களே. ஒரு வாரம் தள்ளினேன். பிறகு ஒரு மாதம்.

அக்டோபரில் தட்டம்மை வந்தது. முதலில் டவுனில், பிறகு விமான நிலையம் பக்கத்து ஊர்களில். நவம்பரில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கூடாரம் போட்டார்கள். எங்கள் பக்கம் வராது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதைவிட, தினமும் ஜெபம் பண்ணினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மெலேயைப் பெனினா தூக்கிவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. காய்ச்சல், இருமல், கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"இவளுக்குத்தான் ஊசி போட்டாச்சேக்கா. அப்ப இது அந்த அம்மை இல்லதானே?"

குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தேன். கன்னத்தின் உள்பக்கம் உப்புக்கல் தூவினதுபோல் வெள்ளைப் பொட்டுகள். முப்பத்தொரு வருட நர்ஸுக்கு அதைப் பார்த்த பிறகு தட்டம்மை என்று சொல்ல வேறு எதுவும் தேவையில்லை.

"சூட்டுக் காய்ச்சல்தான். மருந்து தரேன். நல்லா தண்ணி குடு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள். நான் யோசித்துத்தான் சொன்னேன். அம்மை என்று சொன்னால், ஊசி போட்டும் எப்படி வந்தது என்று கேள்வி வரும். ஊரே கேட்கும். ஊரில் ஊசியின் மேல் இருக்கிற கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விடும். மற்ற குழந்தைகளின் நன்மைக்காகத்தான் சொன்னேன்.

மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தாள். பெனினாவின் புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இரண்டு தடவை சொன்னானாம். "சியெனிக்கா பாத்துட்டாங்க, நீ சும்மா இரு" என்று இவள்தான் அவன் வாயை அடைத்திருக்கிறாள். திங்கட்கிழமை குழந்தைக்கு மூச்சு இழுத்தது. போதகரின் வண்டியில் நானும் கூடப் போனேன். கூடாரத்தில் ஒரு கட்டிலுக்கு மூன்று குழந்தைகள். புதன்கிழமை மத்தியானம் மெலே போய்விட்டாள்.

நான்தான் குளிப்பாட்டினேன். தேங்காய் எண்ணெய் தடவி, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டேன். சட்டைக்குள் கையை நுழைக்கும்போது, ஊசி போட்ட இடத்தைப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை. வீட்டு முன்னால், கொடிக்கயிறு கட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். எங்கள் வழக்கப்படி மேலே சிமெண்ட் பூசி, பூத் துணி விரித்தார்கள். எனக்கு அழுகை நிற்கவில்லை. பெனினா வந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ அழாதக்கா. நீ போட்ட ஊசியாலதான் அவ அஞ்சாறு நாளாவது தாக்குப் பிடிச்சா. இல்லேன்னா வந்த அன்னைக்கே போயிருப்பா" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு அந்த ஆறுதல் வேண்டியிருந்தது. அதைப் பறிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனால் ஊர் வேறு மாதிரி பேசியது. "ஊசி போட்டும் செத்துச்சே. அப்புறம் ஊசி எதுக்கு?" அந்தப் பேச்சு ஆறு ஊர் தாண்டிப் போனது. ஃபோனிலும் ஏறியதாம். பெனினா மட்டும் சண்டைக்குப் போனாள். "ஊசியைப் பத்திப் பேசாதீங்க, அக்காவைப் பத்திப் பேசாதீங்க" என்று பெற்ற பிள்ளையைப் புதைத்தவள் தெருவில் நின்று சொன்னாள்.

டிசம்பரில் இரண்டு நாள் நாடே கதவடைத்தது ஞாபகம் இருக்கும். ஊசி போடாதவர்கள் இருக்கிற வீட்டின் முன்னால் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். ஊசிக் குழு வண்டியில் வந்தது. உள்ளூர் நர்ஸ் என்பதால் வழிகாட்ட நான் முன்னால் உட்கார்ந்தேன். சிவப்புத் துணி கட்டிய வீடுகளில் நிறுத்தினோம். கட்டாத வீடுகளைத் தாண்டும்போது குழுவின் பையன் கேட்பான், "இங்க?"

"இங்க போட்டாச்சு" என்பேன்.

பதினெட்டு வீட்டுக்கும் அப்படித்தான் சொன்னேன். ஒரு வீட்டு வாசலில் சின்னப் பையன் ஒருவன் வண்டியைப் பார்த்துக் கை ஆட்டினான். வீட்டுக்காரர்கள் பெருமையாக உட்கார்ந்திருந்தார்கள், எங்களுக்குச் சிவப்புத் துணி தேவையில்லை என்று. குழுவின் பெட்டியில் மருந்து நிறைய இருந்தது. அதைக் கலந்த பெண்ணின் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் கவனித்தேன்.

கிறிஸ்துமஸுக்குள் அந்தப் பதினெட்டில் பத்துப் பேர் படுத்தார்கள். இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. கை ஆட்டிய பையன் அதில் ஒருவன். இன்னொருத்தி சியாவோசி என்கிற மீன்காரருடைய கடைசிப் பெண். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

வெளியிலிருந்து வந்த டாக்டர் அம்மா ஒருவர்தான் கண்டுபிடித்தார். ஊசி போட்ட குழந்தைகளில் எப்போதாவது ஒன்றுக்கு வரலாம், ஒரே ஊரில் பதினொன்றுக்கு எப்படி வரும் என்று கேட்டார். எல்லாக் கையேட்டிலும் ஒரே கையெழுத்து என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நானே அந்தக் குப்பைக் குழிக்குக் கூட்டிப்போனேன். கம்பியால் சாம்பலைக் கிளறினேன். மூடி திறக்காத குப்பிகள் கறுத்துப்போய்க் கிடந்தன. பத்தொன்பதையும் அவர் ஒரு துண்டில் அடுக்கிவைத்தார்.

நான் எதையும் மறைக்கவில்லை என்று எழுதிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். மூன்று குழந்தைகளின் சாவுக்கும் நான்தான் காரணம். மெலே விஷயத்தில் இரண்டு தடவை காரணம். ஆனால் எந்தக் குழந்தைக்கும் கெடுதல் நினைத்து எதுவும் செய்யவில்லை. தப்பு மருந்து ஏற்றிவிடக் கூடாது என்கிற பயம்தான். ஊசியே பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆமாம், உங்கள் கையில் இருப்பது லாகியின் கையேடுதான். என் தங்கை நியூசிலாந்தில் பழத் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். அவள் மகனை நான் வளர்க்கிறேன். ஒன்றரை வயது. அதில் இருப்பது டவுன் ஆஸ்பத்திரியின் முத்திரை. கையெழுத்து அங்கிருக்கும் நர்ஸுடையது. தேதியும் நீங்கள் படித்தது சரிதான், ஊரில் பத்தொன்பது பேருக்குப் போட்ட மறு வாரம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அன்று சாயங்காலம் அவனுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அவன் நன்றாக இருக்கிறான்.

மற்றவர்களையும் அங்கே போகச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எனக்குக் கை சரியில்லை, டவுனில் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை. பஸ் தினமும் போகிறது. ஊசிக்குக் காசும் இல்லை.

அது எப்படி ஐயா முடியும்? அவர்கள் என்னை நம்பி வந்தவர்கள். நம்பி வந்தவர்களை இன்னொருத்தியிடம் அனுப்புவதா?