புயலுக்குப் பெயர் வைக்கும் முன்

டொமினிக்கா தீவின் போர்ட்ஸ்மவுத் கடற்கரைத் தெருக் காப்பீட்டுக் கிளையில் முப்பத்தொரு புயற்காலங்களைக் கண்டு, இன்றோடு பணி நிறைவு பெறும் எங்கள் யூலாலி லாரோந்த் அம்மையாருக்கு, உடன் பணியாற்றியவர்கள் எழுதிச் சட்டமிட்டு இரு கைகளாலும் அளிக்கும் மடல்.

மே மாதத்தின் மகளே! கூரைகளின் குணம் அறிந்தவரே! கதவை அடைக்கச் சொல்வதற்காகவே கதவைத் தட்டியவரே! வணக்கம்.

செம்மயிற்கொன்றை பூத்தால் ஊருக்கு மாம்பழம் நினைவுக்கு வரும். எங்களுக்கு நீங்கள் நினைவுக்கு வருவீர்கள். புயற்காலம் தொடங்கும் ஜூன் பிறப்பதற்குள் ஒவ்வொரு வீட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று, தோளில் பையும் கையில் அளவு நாடாவுமாகப் புறப்பட்டுவிடுவீர்கள். பைக்குள் சென்ற ஆண்டின் புகைப்படங்கள் இருக்கும்.

நம் தீவில் வீடுகள் கட்டி முடிக்கப்படுவதில்லை. ஓராண்டு ஒரு சுவர். மறு ஆண்டு ஓர் அறை. இன்னும் பிறக்காத பிள்ளையின் மாடிக்காக, மேலே கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். வீடு வளரும், காப்பீட்டுத் தாள் வளராது. நீங்கள் தெருவில் நின்று பழைய படத்தைக் கை நீட்டிப் பிடித்து, வீட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பீர்கள். பிறகு, "இந்தச் சன்னல் எப்ப மொளச்சுது?" என்று கேட்பீர்கள்.

கடைக்காரர்களிடம் மாவு மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கி வைக்கச் சொன்னீர்கள். சரக்கைப் படமெடுத்து வெளியூர் உறவினருக்கு அனுப்பி வைக்கச் சொன்னீர்கள். புயல் வந்தால் ஊர்க் கார்களெல்லாம் தேவாலய முற்றத்துச் சீமைப்பலா மரத்தடியில் போய் நிற்கும். அந்த வழக்கத்தோடு நீங்கள் முப்பத்தொரு ஆண்டுகள் சண்டை போட்டீர்கள். மீன்காரர் ஓஸ்பர்ட், "சாமி பாத்துக்கும்மா" என்றார். "சாமி பாக்கும். மரம் பாக்காது. கொண்டுபோய் மைதானத்துல நிறுத்துய்யா" என்றீர்கள்.

இவையெல்லாம் இந்தச் சபை அறிந்தவை. அறியாத ஒரு பிற்பகலை, டெல்வினின் அனுமதியோடு இங்கே சொல்கிறோம்.

டெல்வின் நம் வாகனப் பிரிவில் இருப்பவர். வயது முப்பத்திரண்டு. அவர் மனைவி ஷெர்மெய்ன் வீட்டின் முன்புறம் புதிதாக ஓர் அறை கட்டி, கல்யாண கேக் செய்து விற்று வந்தார். சென்ற ஆண்டு மார்ச்சில் மூன்றே வார நோயில் இறந்துபோனார். மே மாதம் நீங்கள் அந்த வீட்டுக்குப் போனீர்கள். கையிலிருந்த படத்தில் அந்த அறை இல்லை. டெல்வின் வாசலை மறித்து நின்றார்.

"எல்லாம் போன வருஷம் மாதிரிதாம்மா."

நீங்கள் அறையைப் பார்த்தீர்கள். மூடிய கதவைப் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்காமல், அந்த அறையைச் சேர்க்காத பழைய தாளிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினீர்கள். முப்பத்தொரு மே மாதங்களில் நீங்கள் தெரிந்தே செய்த ஒரே தவறு அதுதான்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. கிழக்கே கடலில் ஒரு சுழல் உருவாகியிருந்தது. அதற்கு இன்னும் பெயர் இல்லை. நம் தொழிலில் பெயருக்குத்தான் மதிப்பு. புயலுக்குப் பெயர் வைத்துவிட்டால் தலைமை அலுவலகம் புத்தகத்தை மூடிவிடும். அதன்பின் ஒரு சன்னலைக்கூடப் புதிதாகச் சேர்க்க முடியாது. மாலை ஐந்து மணி வானொலியில் பெயர் வரும் என்றார்கள்.

அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. இலை அசையவில்லை. ஊர் தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்தது. டெல்வின் வீட்டுச் சன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு, அந்த ஓர் அறையை மட்டும் விட்டுவிட்டுத் தரையில் படுத்திருந்தார். அக்கம்பக்கத்துச் சுத்தியல் ஓசைகள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அவருக்குக் கேட்டன. அவற்றில் ஒன்று நின்று, அருகே வந்து, தன் கதவைத் தட்டியபோதுதான் அது நீங்கள் என்று தெரிந்தது. மணி மூன்றேகால்.

"அந்த அறையத் தொற, டெல்வின்."

"வேணாம்மா. போனா போகட்டும்."

"போறது போகட்டும். என்ன போச்சுன்னு நாளைக்கு யார் சொல்லுவா? நானா?"

"என்னால அதையெல்லாம் தொட முடியல."

"தொடாத. வாசல்லயே நில்லு. நான் கேக்கறேன், நீ சொல்லு."

சாவி மார்ச்சிலிருந்து அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. சட்டை மாறும், சாவியும் கூடவே மாறும். கதவு திறந்ததும் ரம்மும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மணம் வந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் உள்ளே போய் ஒவ்வொன்றாகப் படமெடுத்தீர்கள். தாளில் நான்கு பத்திகள்: வரிசை எண், பொருள், எத்தனை, நிலை.

"அடுப்பு?"

"ரெண்டு. ஒண்ணு புதுசு."

"மாவு கலக்கற மெஷின்?"

"ஒண்ணு. பழசு. அது ஓடுனா அவ பாடறது கேக்காது."

"அவ பாடிக் கேட்டிருக்கேன். மெஷினே தேவலாம்."

டெல்வின் சிரித்துவிட்டார். தொண்டையிலிருந்து வந்த அந்த ஓசை யாருடையது என்று ஒரு கணம் அவருக்கே விளங்கவில்லை. அதன்பின் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினார். கேக் அச்சுகள் இருபத்திரண்டு. கண்ணாடிப் பெட்டி ஒன்று, மூலையில் கீறல், அது தன் கை பட்டு விழுந்தது. நாற்காலி ஒன்று, அவளுக்குக் கால் வலிக்கும்போது உட்கார. நீங்கள் எழுதிக்கொண்டே வந்தீர்கள். மேசைக்கு அடியில் குனிந்தீர்கள்.

"இங்க என்ன, ஜாடியா?"

அவர் சாவியை விரல்களில் திருப்பிக்கொண்டிருந்தார். நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்கு முப்பத்தைந்து.

"ஏழு ஜாடி" என்றார் கடைசியில். "கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம்."

"நெலமை? புதுசா, பழசா?"

"ரெண்டும் இல்லம்மா. ஜனவரில ரம்முல போட்டா. இன்னும் ஊறிக்கிட்டு இருக்கு."

நீங்கள் அதை அப்படியே எழுதினீர்கள். பதினோராவது வரி. உங்கள் காரின் முன்மூடிமேல் தாளை வைத்து டெல்வின் கையெழுத்திட்டார். நான்கு ஐம்பத்திரண்டுக்குத் தலைமை அலுவலகத்துக்கு அந்தத் தாளின் படம் போய்ச் சேர்ந்தது. ஐந்து மணிக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரை டெல்வின் இன்றுவரை உச்சரித்ததில்லை. நாங்களும் இங்கே எழுதவில்லை. மீதி வெளிச்சத்தில் நீங்கள் இருவரும் அந்த அறைக்குப் பலகை அடித்தீர்கள். ஆணி பிடித்தது அவர், அடித்தது நீங்கள்.

விடிந்தபோது வீடு நின்றது. அந்த அறையின் கூரை அடுத்தவர் வாழைத் தோட்டத்தில் கிடந்தது. ஜாடிகள் ஏழும் உடைந்திருந்தன. செப்டம்பர் மாதத்தில் இரண்டு நாள் தெரு முழுக்கக் கிறிஸ்துமஸ் மணத்தது. கிளை வெட்டப் போனவர்களும் தண்ணீர்க் குடம் சுமந்தவர்களும் அந்த வீட்டருகே வந்ததும் நடை தளர்ந்து, எங்கே இருக்கிறோம் என்று மறந்தவர்கள்போல் நின்றார்கள். டெல்வின் படியில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் பார்படோசிலிருந்து சேத மதிப்பீட்டாளர் வந்தார். அவர் விரல் பதினோராவது வரியில் நின்றது.

"என்னம்மா இது? புதுசு, பழசு, சேதம். இந்த மூணுல ஒண்ணத்தான எழுதணும்?"

"நான் பாத்தப்ப அது அப்படித்தான் இருந்துச்சு, தம்பி."

"இதுக்கு நான் என்னன்னு மதிப்புப் போடறது?"

"உங்க வீட்டுல கிறிஸ்துமஸ் கேக் பண்றதில்லயா? அம்மாவுக்குப் போன் போடு."

அவர் உண்மையாகவே போன் போட்டார். அந்த அம்மாள் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஜனவரிலயே போட்டாளா? கெட்டிக்காரி! கஞ்சத்தனம் பண்ணாம எழுதுடா." ஓர் எழுத்தும் மாறாமல் பட்டியல் ஏற்கப்பட்டது.

அம்மா, அந்த அறைக்கு இப்போது இரும்புப் பட்டைகள் இறுக்கிய புதிய கூரை இருக்கிறது. பகலில் அதன் கதவு திறந்தே இருக்கிறது. இந்த ஆண்டு அந்த வீட்டுக்கு நீங்கள் போனபோது, டெல்வினே முன்னால் நடந்து உங்களுக்கு அறையைக் காட்டினார்.

நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். முழங்கால் வலியின்றிப் படியேற வேண்டும். இனி வரும் மே மாதங்களில் மாம்பழம் மட்டுமே உங்கள் நினைவுக்கு வர வேண்டும். செப்டம்பரில் வானொலியை அணைத்துவிட்டு நீங்கள் நன்றாகத் தூங்க வேண்டும்.

தீர்ந்துபோன கோப்புகளை ஏழாண்டில் அழித்துவிடுவது நம் அலுவலக விதி. ஒரு கோப்பை மட்டும் அழிப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். மேலாளரும் கையெழுத்திட்டுவிட்டார். அது இரண்டாவது அலமாரியில், மேல் தட்டில் இருக்கும். அதில், உங்கள் கையெழுத்தில், பதினோராவது வரியில், ஏழு ஜாடிப் பழங்கள் இன்னும் ஊறிக்கொண்டிருக்கின்றன.

என்றும் உங்கள்,
கடற்கரைத் தெருக் கிளை ஊழியர்கள்,
போர்ட்ஸ்மவுத், டொமினிக்கா.