கசியாத முத்திரை

உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும் ஐயா, நான் எழுந்து போய்விடுவேன். "பீப்பாயின் முத்திரை கசிந்து கடல்நீர் உள்ளே புகுந்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் முத்திரை கசியாது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கப்பலில் குடிதண்ணீர் என் பொறுப்பு. ஒரே ஒரு தடவை கசிந்தது என்று யாராவது நிரூபிக்கட்டும், என் காதை அறுத்து இந்த மேசைமேல் வைக்கிறேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, அதனால்தான் இந்தக் குழப்பம். படகில் போகிறவர்களுக்குப் பீப்பாய் கொடுக்கும்போது, தண்ணிக்காரன் எல்லோர் முன்னாலும் அதிலிருந்து ஒரு வாய் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு "நல்ல தண்ணி" என்று சொல்ல வேண்டும். பிறகு மூடியை இறுக்கி, மெழுகு ஊற்றி, முத்திரை வைத்துவிடுவான். அதற்கப்புறம் வேறு யாரும் திறந்து சுவைத்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் அது தண்ணிக்காரன் முகத்தில் துப்பியது மாதிரி.

உங்கள் அறிக்கையில் வரும் அந்தப் பெண் எங்கள் கப்பலுக்குப் பாய்மரத் துணி தைக்கிறவளாகத்தான் வந்தாள். அவள் தைத்த முதல் பாயைப் பார்த்ததுமே அவளுக்குத் தையல் தெரியாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 'கோணத்தையல்' என்று பெயர் வைத்தார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அரண்மனையில் வளர்ந்த பெண் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

உச்சி என் அக்கா மகன். எந்நேரமும் பாய்மரத்தின் உச்சியிலேயே கிடப்பான், அதனால் அந்தப் பெயர். அக்கா போன பிறகு ஆறு வயதிலிருந்து நான்தான் வளர்த்தேன். எனக்குப் பிறகு தண்ணீர்ச் சாவி அவன் கைக்குத்தான் போக வேண்டும் என்று கப்பல் தலைவரிடம் பேசியும் வைத்திருந்தேன். இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லைதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

கடலில் ஆளுக்கு நாளைக்கு மூன்று குவளை. காலை, மதியம், மாலை. வரிசையில் வந்து, என் முன்னால் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவன் என்ன செய்தான் தெரியுமா? தன் மதியக் குவளையை அவளிடம் கொண்டுபோய் நீட்டினான். அவள் "நீ குடி" என்றாள். அவன் "நீ குடி" என்றான். பாதி குவளை தரையில் சிந்தியது. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் அவன் சட்டைக்கையைத் தைத்துக் கொடுத்தாள், ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதைப் போட்டுக்கொண்டு பட்டம் கட்டின மாதிரி திரிந்தான்.

"டேய், தண்ணி விளையாட்டுப் பொருள் இல்லடா" என்றேன்.

"என் பங்குதானே மாமா. நான் யாருக்குக் குடுத்தா என்ன?"

இது தொற்றுநோய் மாதிரி பரவியது. சமையல்காரர் காய்ச்சல்காரனுக்குத் தன் குவளையில் பாதியைக் கொடுத்தார். முதிய துடுப்புக்காரர் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்தார். வரிசை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. முப்பது பேரும் அவர்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டால், நான் அங்கே எதற்கு? இதைத் தலைவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "விடுங்க தண்ணிக்காரரே, சின்னஞ்சிறுசுங்க" என்றார். நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அலை ஒன்று எங்களைத் துரத்தி வந்ததை எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். இரண்டு மாடி உயரம் இருக்கும். உடையாது, ஓயாது, எங்கள் பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு காலையும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது. துரத்தத் தொடங்கிய எட்டாம் நாள் அதன் சாரல் எங்கள் முதுகில் விழுந்தபோது, அந்தப் பெண் எழுந்து நின்று தான் யார் என்று சொன்னாள்.

அவள் வம்சத்துக்கும் கடலுக்கும் பழைய ஒப்பந்தமாம். தலைமுறைக்கு ஒரு இளவரசி, பதினேழு வயது முடிவதற்குள் கடலில் இறங்க வேண்டும். இவள் இறங்காமல் ஓடி வந்துவிட்டாள். அலை அவளைத்தான் தேடி வருகிறது. இன்னும் மூன்று நாளில் பதினேழு முடிந்துவிட்டால் கடலுக்கு அவள்மேல் உரிமை இல்லை.

"அதோ அந்தப் பாறையில என்னை விட்டுடுங்க" என்றாள். "அலை அங்க வந்து நிக்கும், ஆனா அவ்வளவு உயரம் ஏறாது. நீங்க தப்பிச்சுப் போயிடுங்க. முடிஞ்சா நாலாம் நாள் வாங்க."

செங்குத்தான மொட்டைப் பாறை. மரம் கிடையாது, நிழல் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தலைவர் பேசுவதற்குள் உச்சி படகின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளர்த்தவன் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

"நீயும் போறியாடா?" என்றேன்.

"அவளைத் தனியா விட முடியுமா மாமா? நீங்க இருக்கீங்கல்ல, தண்ணி மட்டும் நிறையக் குடுங்க."

தண்ணி மட்டும். என்னிடம் அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கீழ்த்தளத்தில் தரை கழுவுவதற்காகக் கடல்நீர் நிரப்பிய பீப்பாய்கள் உண்டு. அதே மரம், அதே அளவு. அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வாய் குடித்தேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "நல்ல தண்ணி" என்றேன். மூடினேன், மெழுகு ஊற்றினேன், முத்திரை வைத்தேன். ஆகவே முத்திரையைக் குறை சொல்லாதீர்கள். உப்பு வெளியிலிருந்து உள்ளே போகவில்லை.

நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. இதை நிதானமாகக் கேளுங்கள். அரை நாள் தாகத்தில் கிடந்தால் புத்தி வரும், அவளை விட்டுவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு திரும்பி வருவான் என்று நினைத்தேன். பிள்ளையை வளர்த்தவன் எவனும் இப்படித்தான் நினைப்பான். அலை பாறையைச் சுற்றி வளைத்துக்கொண்டால் படகு வெளியே வராதே என்று கேட்கிறீர்கள். அது எனக்கு உடனே தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோன்றியது. அதற்குள் நாங்கள் தூரத்தில் வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் மதியம் கடல் தட்டையாகப் படுத்துவிட்டது. அலை இருந்த சுவடே இல்லை. ஒப்பந்தம் முடிந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், சமையல்காரர் அழுதுவிட்டார். தப்பி ஓடியபோது எங்கள் சுக்கான் விரிசல் விட்டிருந்தது. தலைவர் என்னிடம் வந்தார்.

"இப்படியே பாயை வெச்சுச் சமாளிச்சுப் போனா நாளைக்குப் பாறைக்குப் போயிடலாம். கொஞ்சம் ஆபத்துதான். சுக்கானைச் சரி பண்ணிட்டுப் போனா மூணு நாள் ஆகும். புள்ளைங்ககிட்ட தண்ணி எவ்வளவு நாளைக்கு வரும்?"

மற்றவர்கள் என் வாயையே பார்த்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஆறு நாளைக்குத் தாராளமா வரும்" என்றேன்.

ஆறாம் நாள் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கோணல் சட்டையை அவள் தலைக்கு நிழலாகப் பிடித்தபடியே கிடந்தான். தலைவர் பீப்பாய்த் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்துத் துப்பினார். "கடைசியில கடல் பழி வாங்கிடுச்சே" என்றார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. என் தோளைப் பிடித்து எனக்கே ஆறுதல் சொன்னார்கள்.

நாலாம் நாள் போயிருந்தால் இருவரும் உயிரோடு இருந்திருப்பார்களா என்று கேட்கிறீர்கள். இருந்திருப்பார்கள். எனக்கும் அது தெரியும். உதடு வெடித்து, தள்ளாடிக்கொண்டு கப்பலில் ஏறியிருப்பான். ஏறினதும் முப்பது பேர் முன்னால் என்னைப் பார்த்து, "மாமா, நீங்க குடுத்த தண்ணி உப்பா இருந்துச்சு" என்று சொல்லியிருப்பான். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம் சொல்லாத வார்த்தை ஐயா அது. அதை என் பிள்ளை வாயால் கேட்க எனக்கு மனம் வரவில்லை.