அமாவாசைப் பாடம்

ராத்திரி பதினொன்று தாண்டியிருக்கும். மூடிப்போன கல்குவாரிக்குப் போகிற சாலை… இரண்டு பக்கமும் ஒரு விளக்கு கிடையாது. அதில் ஓர் ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். கையில் டார்ச் இல்லை. கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு.

உத்தரவு போட்டது என் சிநேகிதனின் சித்தப்பா. அவர் அந்நேரம் வீட்டில் போர்வைக்குள் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சொல்கிறேன்.

சித்தப்பா பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். வாய்த்துடுக்கு அதிகம். யாரையாவது அழவைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அதே டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் "டயரு"தான். ஒண்டிக்கட்டை. அதிர்ந்து பேசமாட்டார். அவருக்குத் திடீரென்று நட்சத்திரப் பைத்தியம் பிடித்தது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, பாவம். கடைக்காரன் ஒரு பொம்மை டெலஸ்கோப்பை அவர் தலையில் கட்டிவிட்டான். அதில் நிலாவே கலங்கிய முட்டை மாதிரித் தெரிந்தது. வீடியோவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். டீ குடிக்கும் நேரத்தில் ஒவ்வொருவராகக் கேட்பார்.

"எந்தப் புத்தகம் நல்லா இருக்கும்ணே? மொதல்ல பைனாகுலர் போதுமா? சனியோட வளையத்த ஒரு தடவை பாத்துடணும்ணே…"

"சனியனப் பாக்க டெலஸ்கோப் எதுக்குடா? மூஞ்சி கழுவுற எடத்துல கண்ணாடி இருக்கு, போய்ப் பாரு" என்றார் சித்தப்பா.

டிப்போவே சிரித்தது. டயரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் நாலு வார்த்தை விழும்.

அதோடு விட்டாரா? பழைய கைப்பேசியில் வேறொரு சிம் போட்டு, "வான ஆசான்" என்று பெயர் வைத்துக்கொண்டு, டயர் கேள்வி கேட்கிற வானியல் குழுவுக்குள் நுழைந்தார். இணையத்தில் தேடி, நல்ல பதிலாகவே எழுதினார். எதையும் வாங்காதே. முதலில் வெறுங்கண்ணால் பழகு. பிறகு தேதிக்கும் மணிக்கும் தக்கபடி சுழற்றிப் பார்க்கிற வட்ட அட்டை நட்சத்திரப் படம். அப்புறம் பைனாகுலர். எல்லாவற்றுக்கும் மேலே, கூட நின்று காட்ட ஓர் ஆள் வேண்டும்.

அந்தக் கடைசி வரியில்தான் டயர் விழுந்தார். அவருக்குக் கூட நிற்க யார் இருக்கிறார்கள்?

"அமாவாசை ராத்திரி குவாரி மேட்டுக்கு வா. வெளிச்சம் கொண்டுவந்தா பாடம் கெடையாது."

டயர் மேட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னதும், "வந்துகிட்டே இருக்கேன், காத்திரு" என்று திரும்பத் திரும்ப அனுப்பினார் சித்தப்பா. அப்படியே தூங்கிப்போனார்.

மறுநாள் டயர் வேலைக்கு வந்தார். கால்சட்டை முழுக்கப் புழுதி. முகத்தில் அப்படி ஒரு களை.

"அண்ணே… அவரு வந்தாருண்ணே!"

ஏமாந்ததை மறைக்கிறான் என்று நினைத்தார் சித்தப்பா. "ஆளு எப்படிடா?"

"இருட்டுல மொகம் தெரியல. கைதான்… கெணத்துத் தண்ணி மாதிரி சில்லுனு. என் பிடரியப் பிடிச்சு மேல திருப்பி வெச்சாரு. வளையத்தப் பாத்துட்டேண்ணே. அப்படியே மோதிரம்!"

சொல்லும்போதே கண் கலங்கியது. அவர் சட்டையிலிருந்து ஒரு வாடை… நனைந்த கருங்கல்லும் அணைத்த தீக்குச்சியும் கலந்த வாடை. மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது.

அன்றே சித்தப்பா சிம்மைக் கழற்றினார். கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அப்புறமும் டயர் போனார். "நேத்தும் கூப்பிட்டாருண்ணே" என்று தன் கைப்பேசியைக் காட்டினார். அதே எண். அதே பெயர்.

"நான்தான்டா அது. போகாதே." இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் டிப்போவில் மானம் போகும். வேலைக்கும் உலை வைத்துவிடுவார்கள். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை.

டயரின் தலை நிமிர்ந்தது… நிமிர்ந்தபடியே நின்றுவிட்டது. குனிந்து நட்டைக் கழற்ற முடியவில்லை. தண்ணீர் குடித்தால் பாதி நெஞ்சில் வழிந்தது. வைத்தியரிடம் போகமாட்டேன் என்றார். ஆசான் கழுத்தைப் பழக்குகிறாராம்.

"என்னடா, மேல அப்பன் ஆத்தா தெரியுறாங்களா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும்தான். பழக்க தோஷம்.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் டயர் வேலைக்கு வரவில்லை. எங்கே தேட வேண்டும் என்று சித்தப்பாவுக்குத்தான் தெரியும். ஆனாலும் ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துச் சொல்லும்வரை காத்திருந்தார்.

குவாரி மேட்டில் உட்கார்ந்திருந்தார் டயர். தலை பின்னால் மடங்கி… முதுகைத் தொட்டுக்கொண்டு. திறந்த கண்களில் பனித்தண்ணீர் தேங்கி நின்றது. எதிரே மண்ணில், முக்காலி ஊன்றிய மாதிரி மூன்று பள்ளங்கள். முக்காலியைக் காணோம். அவருடையதைத் தவிர வேறு காலடித் தடமும் இல்லை.

தூக்கும்போது தலையை நேராக்கிப் பார்த்தார்கள். மளுக்… என்று ஒரு சத்தம். கையை எடுத்ததும் மறுபடி பின்னால் போய்விட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்துத்தான் புதைத்தார்கள். ஒரு கால் பக்கம் பிடித்திருந்த சித்தப்பாவுக்கு, வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்பு போட்டாலும் அந்தத் தீக்குச்சி வாடை போகவில்லை.

அன்று ராத்திரியே குழுவிலிருந்த அந்த வான ஆசான் கணக்கை அழித்துவிட வேண்டும் என்று நினைத்தார். போலீஸ் வந்து கேட்டால்? அலமாரியைத் திறந்து, சிம்மைப் போட்டு, கைப்பேசியை உயிர்ப்பித்தார்.

டிங்… டிங்… டிங்… நிற்கவேயில்லை.

யார் யாரோ. முகம் தெரியாத ஆட்கள். எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்த பைனாகுலர் நல்லது என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போயிருந்தது, சித்தப்பா எழுதுகிற அதே தோரணையில். கடைசியில் ஒவ்வொருவருக்கும் அதே வரி. கூட நின்று காட்ட ஓர் ஆள் வேண்டும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒன்று வந்து விழுந்தது. ஒரு நர்ஸ். "ஐயா, மேட்டுக்கு வந்துட்டோம். பொண்ணுக்கும் ஆசை, கூட்டிட்டு வந்திருக்கேன்."

சித்தப்பா தப்பும் தவறுமாகத் தட்டினார். "அம்மா, அங்க நிக்காதீங்க. நான் ஆசான் இல்ல. அங்க யாரும் இல்ல. பொண்ணத் தூக்கிட்டு ஓடுங்க."

பிறகு, டிங்.

"வெளையாடாதீங்க ஐயா. நீங்கதான் இங்க நிக்கிறீங்களே… என் பொண்ணு பிடரியப் பிடிச்சுகிட்டு."