மந்தைத் தெரு வழியாக

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, அனைத்துக் கட்சி நிர்வாகிகளே, நெடுங்கரைப்பட்டி ஊர்ப் பெரியவர்களே, கணவரை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு இன்னும் கண் உலராமல் அமர்ந்திருக்கும் அண்ணி ஞானசெல்வி அவர்களே, மகள் ஜெனிபர் அவர்களே, இங்கே திரண்டிருக்கும் என் மக்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பின்னால் காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலிகளுக்கும் என் வணக்கம். கிழக்குக் குடியிருப்பு மக்களுக்காகப் போட்ட நாற்காலிகள் அவை. ஏன் காலியாக இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதைச் சொல்லவில்லை. நான் சொல்வேன். முதலில் அண்ணனைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

இரண்டு முறை நம் சட்டமன்ற உறுப்பினராக இருந்த வழக்கறிஞர் மைக்கேல்சாமி அவர்களுக்கு நான் எதிர்க்கட்சி. ஒன்றியக் குழுத் தலைவராக நான் இருந்தபோது அவரோடு மல்லுக்கு நிற்காத கூட்டமே கிடையாது. நான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போவேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில், “ஆச்சி, திட்டி முடிச்சிட்டீங்கன்னா டீயைக் குடிங்க, ஆறிப்போகுது” என்பார். அந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? ஆவூரில் பிறந்தவர். மணமேல்குடியிலிருந்து மீனவர்கள் ஒரு வழக்கென்று வந்து நின்றாலும், நம் தொகுதி இல்லையே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இன்று மாலையிலிருந்து அவர் கட்டிய பள்ளிக்கூடங்களையும் நிழற்குடைகளையும் பற்றியே எல்லோரும் பேசினீர்கள். அவர் போட்டுக் கொடுத்து, பிறகு தன் வாயாலேயே தப்பு என்று சொன்ன ஒரு சாலையைப் பற்றி யாரும் பேசவில்லையே, ஏன்?

கிழக்குக் குடியிருப்பில் ஒரு சாவு விழுந்தால் மந்தைத் தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது. இதுதானே நம் ஊர் வழக்கம்? சாமி வலம் வரும் தெரு, பிணம் வரக் கூடாது என்பீர்கள். மந்தைத் தெருக்காரர்கள் செத்தால் எந்தத் தெரு வழியாகப் போகிறார்கள்? அண்ணன் முதல் முறை ஜெயித்த சமயத்தில் இதற்காகத் தகராறு வந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை வைத்தார்கள். கண்மாய்க் கரையை ஒட்டி மயானத்துக்குத் தனிப் பாதை போட்டுவிடலாம் என்று முடிவானது. அண்ணன் அங்கேயே தொகுதி மேம்பாட்டு நிதியை ஒதுக்கினார். எல்லோரும் கை தட்டினோம், சால்வை போட்டோம். நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

அடுத்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. பாதை தண்ணீருக்குள் போனது. அந்த மழையில்தான் கிழக்குக் குடியிருப்புச் சின்னப்பிள்ளையின் வீட்டுக்காரர் இறந்தார். மார்பளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார்கள். சேதி கேட்டு ஓடிவந்த அண்ணன், பாதையை உயர்த்தி, தடுப்புச் சுவர் கட்டித் தருகிறேன் என்றார். அப்போது சின்னப்பிள்ளை அழவில்லை, சத்தமும் போடவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன். “தெரு அங்கிட்டு காஞ்சு, அகலமாத்தானே கெடக்கு சார்? எங்களுக்குன்னு தனியா எதுக்கு ரோடு போட்டீங்க?” என்று மட்டும் கேட்டார்.

நீதிமன்றத்தில் யாருக்கும் வாய் மூடாத மனிதர், கண்மாய்க் கரையில் நின்று தலை குனிந்தார். திரும்பி வரும்போது காரில் சொன்னார்: “தீண்டாமைக்கு அரசாங்கச் செலவுல சிமெண்ட் போட்டுக் கொடுத்திருக்கேன், ஆச்சி.”

அன்றிலிருந்து அவர் ஒரு முடிவில் நின்றார். தனிப் பாதையா, தனித் தண்ணீர்த் தொட்டியா, தனிச் சமுதாயக் கூடமா, நிதி கிடையாது. பொது என்றால் வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். வருகிற நிதியைக் கெடுக்கிறார் என்று நாமெல்லாம் வசைபாடினோம். கிழக்குக் குடியிருப்பிலும் அவருக்கு நல்ல பெயர் இல்லை. கோடையில் குடத்தோடு அலைந்த பெண்கள், உங்கள் கொள்கைக்கு நாங்கள் தாகத்தில் சாக வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அண்ணன் செய்தது சரிதானா என்று எனக்கே இன்றுவரை மனம் அடித்துக்கொள்கிறது. அவருக்கும் அடித்துக்கொண்டது. அந்தக் கோடை முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொல்வார்கள். அடுத்த தேர்தலில் தோற்று, அதற்கடுத்ததில்தான் மறுபடி ஜெயித்தார். அந்தப் பிடிவாதத்துக்கு மிஞ்சியது நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபம் ஒன்றுதான். ஊருக்கும் குடியிருப்புக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வாசல் வைத்துக் கட்டினார்.

போன வாரம் அவருடைய உடல் ஆவூருக்குப் போகும் வழியில் நம் ஊருக்கு வந்தது. மந்தைத் தெரு வழியாகத்தான் வந்தது. ஒரு வீட்டுக் கதவாவது சாத்தியிருந்ததா? வாசலுக்கு வாசல் நின்று பூப்போட்டோம். அவரும் பிணம்தானே! சாமி வரும் தெரு அன்றைக்கு மட்டும் தீட்டுப்படாமல் போனது எப்படி? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. உங்களை எப்படித் தூங்கவிட்டது?

இப்போது அந்தக் காலி நாற்காலிகளுக்கு வருகிறேன். இன்று காலையில் சின்னப்பிள்ளை இறந்துபோனார். அண்ணனைக் கேள்வி கேட்ட அதே சின்னப்பிள்ளைதான். கண்மாய்ப் பாதையில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. தெருமுனையில் போலீஸ் வேன் நிற்கிறது. இரண்டு நாள் பொறுங்கள், பேசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் சொல்கிறார்களாம். மறுபடியும் பேச்சுவார்த்தை!

காலையில் துக்கம் விசாரிக்கப் போனேன். சின்னப்பிள்ளையின் மகன் கண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே பேசினான்: “இன்னைக்கு மந்தைத் தெரு வழியாத்தான் ஆத்தாளத் தூக்கிட்டு வாரோம், ஆச்சி. நீங்க எப்பவும்போலக் கதவைச் சாத்திக்கங்க.” கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது, துணியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைப்போலச் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நண்பர்களே, அண்ணன் மைக்கேல்சாமி விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் சூளுரைத்தீர்கள். எப்போது தொடர்வதாக உத்தேசம்? சிலை வைத்த பிறகா? அடுத்த தேர்தலுக்குப் பிறகா? அதோ, கிழக்கே வேட்டுச் சத்தம் கேட்கிறது. சின்னப்பிள்ளை கிளம்பிவிட்டார்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி. மன்னியுங்கள், இங்கே நிற்க என்னால் முடியாது. அண்ணி, உங்களிடம் அனுமதி கேட்டு, அண்ணன் படத்தின் மேல் கிடக்கும் மாலைகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் என்னோடு வாருங்கள். அதோ அந்த ஊர்ப்பக்க வாசல் வழியாகவே போவோம், நான்கு எட்டு வைத்தால் மந்தைத் தெரு. அங்கே என் வீட்டு வாசலில் நிற்கப்போகிறேன். காலையிலேயே கதவை விரியத் திறந்துவைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.